பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போறே?

இன்று காலை டவுன் பஸ்ஸிலும் இதைக் கேட்டார்கள். கேட்டவர் நல்ல மனுஷி. பள்ளத்தூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், பையிலிருந்து எட்டிப் பார்த்த கணக்குத் தேர்வுப் புத்தகத்தைக் கவனித்துவிட்டு, "அதான் கவர்மெண்ட் வேலை கிடைச்சிருச்சே, இன்னும் என்னத்தைப் படிக்கிறே?" என்றார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் பேச்சு பிள்ளைக்கு வந்துவிட்டது.

டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 2அ (குரூப் 2ஏ) தேர்வு எழுதி உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆர்டர் கையில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வெளியில் நினைக்கிறார்கள். வேலை உறுதியாகுமுன் வரும் தகுதிகாண் பருவம் முடியவேண்டும், ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகரில் தங்கி அடிப்படைப் பயிற்சி முடிக்கவேண்டும், கணக்குத் தேர்வு மாதிரி வருடத்துக்கு இரண்டு முறை வரும் துறைத் தேர்வுகளில் தேறவேண்டும். முப்பத்திரண்டு வயதில், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகனை வைத்துக்கொண்டு, நானும் ஒரு மாணவிதான்.

என் நாள் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. சமையல், தண்ணீர் பிடிப்பது எல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், விடுங்கள். காலை உணவுத் திட்டம் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அது நடக்கிறது. பேசுபவர்கள் எல்லாம் பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பேசுகிறார்கள். அது உண்மைதான். எனக்கோ அது காலையில் நாற்பது நிமிடம். வீட்டில் அரை இட்லி சாப்பிடவே அழுகிறவன், பள்ளியில் வரிசையில் உட்கார்ந்து பொங்கலை வழித்துச் சாப்பிடுகிறானாம். அந்த நாற்பது நிமிடத்தில்தான் நேற்று படித்ததைத் திருப்பிப் பார்க்கிறேன். அப்புறம் பஸ். சம்பளம் வாங்குகிறவளுக்கு எதற்கு இலவசப் பயணம் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும், பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு நான் ஸ்கூட்டி ஓட்டினால் வழியில் புத்தகம் படிக்க முடியாது.

பத்து மணிக்கு அலுவலகம். தபால் பிரித்து, என் பெயரில் வரும் கடிதங்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏற்றி, கோப்பு போட்டு, எழுதிய குறிப்பைக் கண்காணிப்பாளர் சிவப்பு மையில் திருத்தித் தர, மறுபடி எழுதி என்று ஓடும். வேலை பிடித்திருக்கிறது. முதியோர் ஓய்வூதிய மனுவோடு வரும் கிழவிகள் "ஆத்தா" என்று கூப்பிடும்போது இந்தப் பரீட்சைத் தொல்லையெல்லாம் மறந்துபோகும். ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் முடிகிறது என்பது சட்டப்படி. வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிடும்.

மூன்றரை மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே என் மகனை வளர்ப்பது என் மாமியார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவர் ஒரு நாள் படுத்தால் என் தற்செயல் விடுப்பில் ஒன்று போய்விடும். வருடத்துக்குப் பன்னிரண்டு நாள்தான். பன்னிரண்டு நாளுக்குள் பிள்ளையின் காய்ச்சலும் மாமியாரின் முழங்காலும் அடங்கவேண்டும். மத்திய அரசில் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பே 730 நாள் உண்டு. இங்கே எங்களுக்கு இருக்கிற காப்பகம் அத்தையின் மடிதான். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை, நானும் தருவதில்லை என்று எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது.

பயிற்சிக்குப் பவானிசாகர் போனபோதுதான் ஊர் நிஜமாகவே பேசியது. "பச்சப்புள்ளையை விட்டுட்டு இத்தனை வாரமா?" அவனுக்கு அப்போது ஐந்து வயது. சரி, பச்சப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இதை எந்த ஊரில் கேட்கிறார்கள் பாருங்கள், செட்டிநாட்டில். எங்கள் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிற்கிற பெரிய வீடுகள் எல்லாம் பிள்ளையை விட்டுவிட்டுப் போன ஆண்களின் காசு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினால் ஒரு கணக்கு என்கிற தவணை முடிய மூன்று வருடம். திரும்பி வந்து, கொஞ்ச காலம் இருந்து, மறுபடியும் போனார்கள். வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் வரிசையாகப் பிள்ளைகள் வளர்ந்தன, பெண்கள் வரவு செலவு பார்த்தார்கள். அந்த ஆண்களைக் கொண்டுவிக்க, அதாவது வணிகத்துக்குப் போனவர்கள் என்றார்கள், பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டுதான் என்னைக் கேட்டார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை, இருபது நாள். அவர் வரும்போது ஊரார் கேட்பது "எப்ப வந்தீக, எப்பக் கிளம்புறீக" என்பதுதான். இதை நேற்று வீடியோ காலில் சொன்னேன். சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான் சலுகை கேட்கவில்லை. பயிற்சி தேவைதான், அங்கே கற்றது இன்றைக்கும் கை கொடுக்கிறது. விதி எழுதுகிறவரின் மனதில் இருக்கும் புது ஊழியருக்கு இருபத்திரண்டு வயது, கையில் பிள்ளை இல்லை. அதுதான் சிக்கல். எங்களோடு பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கல்யாணம் ஆனவர்கள். பல வருடம் தேர்வு எழுதி எழுதித்தானே உள்ளே வருகிறோம்? கொஞ்சம் மாறுகிறது, அதையும் சொல்லவேண்டும். மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதம். அது தகுதிகாண் பருவத்தில் சேராமல் இருந்ததால் பிள்ளை பெற்றவர்களுக்கு எல்லாம் தள்ளிப்போனது. அதையும் சேர்த்துக்கொள்வதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். செய்தி வந்த அன்று என் தோழி அழுதுகொண்டே போன் பண்ணினாள். இன்னும் ஒன்றே ஒன்று: தங்கிப் படிக்கும் பயிற்சியை அந்தந்த மண்டலத்திலேயே, மதுரையில் வைத்தால்கூட, சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துபோக முடியும்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு எண்பத்தெட்டு வயது. என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, மலேயாவில் இருந்தபோது யுத்தம் வந்துவிட்டதாம். யுத்தம் முடிந்து கப்பல் விட்டு, அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆச்சிக்கு எட்டு வயது. யாரோ வெளியாள் வந்துவிட்டார் என்று நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். பவானிசாகரிலிருந்து நான் திரும்பி வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "பய ஒளிஞ்சானா?" என்று மட்டும் கேட்டார். இல்லை ஆச்சி, ஓடி வந்து பையைத் துழாவினான் என்றேன்.