கோட்டுப் பையில் இருந்த கடிதம்

ஜாக் டிரைஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அவருடைய கடிதத்தின் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம்.

1923 அக்டோபர் 5. மினியாபொலிஸ் நகரில் ஒரு ஹோட்டல். மறுநாள் மினசோட்டா பல்கலைக்கழக அணியோடு ஆட்டம். அமெரிக்கக் கால்பந்து, நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. அயோவா ஸ்டேட் கல்லூரியின் முதல் கறுப்பின விளையாட்டு வீரர் டிரைஸ். வயது 21. ஹோட்டல் தாளை எடுத்து எழுதுகிறார்: என் இனத்தின் மானம், குடும்பத்தின் மானம், என் மானம் எல்லாம் நாளை பணயத்தில் இருக்கிறது. எல்லோரும் என்னிடம் பெரிதாக எதிர்பார்க்கிறார்கள். செய்வேன்.

இதைத்தான் எல்லோரும் வீரம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒரு மாணவன் ஒரு ஆட்டத்துக்குப் போகும்போது ஒரு இனத்தையே முதுகில் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்திருக்கிறது. எதிரணியில் ஆடிய யாருக்கும் அன்று அந்தச் சுமை இல்லை.

அடுத்த பாதியைப் பாருங்கள். பரீட்சைக்கு முந்தின இரவு குறிப்பு எழுதிவைக்கிற பையனாக மாறிவிடுகிறார். பந்தோடு ஓடுபவருக்கு முன்னால் கூட்டமாக வழி திறந்துகொண்டு வருபவர்களிடம் ஜாக்கிரதை. தாழ்ந்து மோது, கண்ணைத் திறந்து வை. உருண்டு விழுந்து அவர்களை மறி. ‘நான்’ என்று தொடங்கிய கடிதம் ‘நீ’ என்று தனக்குத்தானே பாடம் சொல்லி முடிகிறது.

மறுநாள் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தது. வெளியே வரவில்லை. நான்கு பகுதிகளாக நடக்கும் ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில், பந்தோடு ஓடிவந்தவருக்கு முன்னால் வந்த கூட்டத்தை மறிக்க, எழுதிவைத்த அதே மாதிரி உருண்டு விழுந்தார். மல்லாந்து கிடந்தவர்மேல் மினசோட்டா வீரர்களின் கால்கள் ஏறின. வேண்டுமென்றே மிதித்தார்களா என்ற கேள்வி இன்றுவரை தீரவில்லை. அங்கிருந்த மருத்துவமனையில் பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். ரயிலில் தன் கல்லூரி இருந்த ஏம்ஸ் நகருக்குத் திரும்பியவர் அக்டோபர் 8 அன்று உள்ளே ரத்தம் கசிந்து இறந்தார். இறுதிச் சடங்குக்குச் சற்று முன்புதான் அவருடைய கோட்டுப் பையில் அந்தக் கடிதம் கிடைத்தது. வளாகத்தில் சுமார் 4,000 பேர் கூடியிருந்தார்கள்.

அவர் படித்தது கால்நடை வளர்ப்பு. படிப்பு முடிந்ததும் தெற்கே போய்க் கறுப்பின விவசாயிகளுக்கு உதவவேண்டும் என்பது அவர் நினைப்பு. அவரைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். களத்தில் அவர் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெற்கில் ஏதோ ஒரு பண்ணையில் முப்பது நாற்பது வருடம் அவர் செய்திருக்கக்கூடிய வேலை நடக்காமலே போயிற்று.

பிறகு மறந்தார்கள். கல்லூரிச் சுவரில் அவர் நினைவாக வைத்த ஒரு பலகை மட்டும் மிஞ்சியது, அதுவும் தூசி படிந்து. 1957இல் ஒரு மாணவர் அதைப் பார்த்துக் கட்டுரை எழுதினார். 1973இல் புது ஸ்டேடியத்துக்கு டிரைஸ் பெயர் வைக்கச் சொல்லி மாணவர்கள் கிளம்பினார்கள். நிர்வாகம் இழுத்தடித்தது. 1984இல் ஒரு சமரசம்: ஸ்டேடியத்துக்கு வேறு பெயர், உள்ளே இருக்கும் புல்தரைக்கு மட்டும் டிரைஸ் பெயர். முழு ஸ்டேடியத்துக்கும் அவர் பெயர் கிடைத்தது 1997இல்தான். ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து முடித்துப் போக, அடுத்த தலைமுறை வந்து அதே கோரிக்கையைக் கையில் எடுத்திருக்கிறது. மேடைகளில், இப்போது பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கல்லூரியைப் பாராட்டுகிறார்கள். என் நன்றி அந்த மாணவர்களுக்கு.

இன்னொரு கடிதமும் உண்டு. அவருடைய அம்மா ஆன்னா, கல்லூரித் தலைவருக்கு எழுதியது. ஏம்ஸுக்கு வரும் கறுப்பின மாணவர்களுக்கு என் மகன் வாழ்க்கை ஊக்கம் தருமென்றால் அவன் வீணாக வாழ்ந்து சாகவில்லை என்று எழுதுகிறார். அந்த வரியை ஆளாளுக்கு மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு அடுத்த வரியையும் சேர்த்துப் படியுங்கள். மகனின் கடிதத்தை எங்கே வாசித்தாலும் கூடவே இதையும் வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை. அவனுக்குக் கிடைத்த மரியாதையில் எனக்குப் பெருமைதான், ஆனால் எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான் என்கிறார். வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறேன் என்கிறார்.