டூப்புக்கு டோப்பா

(ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டிவியில் ‘ப்ளூ க்ரஷ்’ ஓடுகிறது; பலகை மேல் நின்று கடலலையில் சறுக்கும் சர்ஃபிங் பற்றிய ஹாலிவுட் படம். எழிலன் இதைப் பதினோராவது முறையாகப் பார்க்கிறார். மனைவி வாசுகி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படத்தை எடுத்த கதையை ஃபோனில் படித்துக்கொண்டிருக்கிறார். எழிலனுக்கு எல்லாம் உண்டு, ழகரம் மட்டும் கிடையாது. அவர் பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன். அச்சுப்பிழை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

எழிலன்: வந்துடுச்சு, வந்துடுச்சு! வாசுகி, ஃபோனைக் கீள வை. இந்த அலையை மட்டும் நான் எந்திரிச்சு நின்னுதான் பாப்பேன்.

வாசுகி: ஏன், தேசிய கீதமா பாடுறாங்க?

எழிலன்: கிண்டல் பண்ணாத. அங்க பாரு. மலை மாதிரி தண்ணி. இவ பலகை மேல குந்தி, ஒரு கையால அலையைத் தடவிக்கிட்டே உள்ள போறா பாரு. என்ன அளகு! என்ன நிதானம்! 2002ல பாக்க ஆரம்பிச்சேன், இந்தப் பொண்ணோட தைரியம் எனக்கு இன்னும் அலுக்கல.

வாசுகி: பொண்ணு இல்லைங்க.

எழிலன்: சரி, இப்ப வயசாகியிருக்கும். அதுக்கென்ன?

வாசுகி: அது இல்லைங்க. இந்த மாதிரி மிரட்டுற அலைங்கள்ல சிலதுல போறது ஆம்பளை. நோவா ஜான்சன்னு பேரு.

எழிலன்: (நின்றபடியே) ஆம்பளையா?

வாசுகி: நல்லா வாட்டசாட்டமான ஆம்பளை. ஹீரோயின் கேட் பாஸ்வொர்த்துக்கு டூப்பு. பொன்னிறத்துல டோப்பா வெச்சு, பிகினி மாட்டிவிட்டு, அலையில இறக்கியிருக்காங்க.

எழிலன்: (மெதுவாக உட்கார்கிறார்) டூப்புக்கு டோப்பா வேறயா?

வாசுகி: சாதாரண ஆளு இல்லைங்க அவரு. ஹவாயில வைமியா விரிகுடான்னு ஒரு இடம். அங்க எடி ஐகாவ்ங்கிற சர்ஃபிங் வீரர் பேர்ல பெரிய அலைக்குன்னே ஒரு போட்டி உண்டு. அலை போதுமான உயரத்துக்கு வரலைன்னா அந்த வருஷம் போட்டியே கிடையாது. அப்படி எத்தனையோ வருஷம் நடக்காமலே போயிருக்கு. அந்தப் போட்டியில 1999ல ஜெயிச்சவரு.

எழிலன்: அவ்வளவு பெரிய வீரனுக்கு ஏம்மா பிகினி?

வாசுகி: கதாநாயகி சுடிதார்லயா அலையில போவா?

எழிலன்: அப்ப இத்தனை வருஷமா நான் எந்திரிச்சு நின்னது...

வாசுகி: நோவா ஜான்சனுக்கு. நிக்கலாங்க, தப்பில்ல. மரியாதைக்குரிய ஆளுதான்.

எழிலன்: எல்லா அலையும் அவன்தானா? ஒண்ணாவது பொண்ணு போயிருக்கக் கூடாதா?

வாசுகி: போயிருக்காங்களே. ரோஷெல் பாலர்ட்னு ஒரு வீராங்கனை. அலை சுருண்டு கூடாரம் மாதிரி கவியும் பாருங்க, அதுக்குள்ள நுழைஞ்சு வெளிய வர்றதுல பேர் வாங்கினவங்க. அவங்களும் டூப்பு போட்டிருக்காங்க.

எழிலன்: அப்பாடா. (ரிமோட்டை எடுக்கிறார்) இரு, கொஞ்சம் பின்னால ஓட்டுறேன். இந்த முதுகு யாரு? பாலர்ட்டா, ஜான்சனா?

வாசுகி: அதை நீங்க கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னுதானே அவ்வளவு பாடுபட்டிருக்காங்க.

எழிலன்: (திரைக்கு மிக அருகில் போய்) தோள் கொஞ்சம் அகலமா இருக்கு... இல்ல, நனைஞ்சதால இருக்கும்... ச்சே, ஒரு முதுகை நிம்மதியா ரசிக்க முடியல.

வாசுகி: இதுல இன்னொரு வேடிக்கை. 1959ல ‘கிட்ஜெட்’னு ஒரு படம். அதுவும் சர்ஃபிங், அதுவும் காதல். அதுல ஹீரோயின் சாண்ட்ரா டீக்கு டூப்பு போட்டது மிக்கி முன்யோஸ்.

எழிலன்: பேரே சொல்லுதே. அதுவும் ஆம்பளை.

வாசுகி: அதுவும் டோப்பா, அதுவும் பிகினி. நவீன காலத்துல வைமியாவோட பெரிய அலையில முதன்முதலா ஏறினவங்க கூட்டத்துல அவரும் ஒருத்தர், 1957ல.

எழிலன்: ஆக, வைமியாவுல உயிர் தப்பி வந்தா பிகினி குடுப்பாங்கபோல. 43 வருசத்துல கேமரா மாறிச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு, அந்த டோப்பாவை மட்டும் எவனும் களட்டல!

வாசுகி: கம்ப்யூட்டர்னதும் ஞாபகம் வருது...

எழிலன்: வேணாம். அதைச் சொல்லாத. முகம் அவளோடதுதான். நான் கண்ணால பாத்திருக்கேன்.

வாசுகி: முகம் கேட் பாஸ்வொர்த்தோடதுதான். ஆனா அந்தப் பெரிய அலையில இருந்தது முகம் மட்டும்தான். சில காட்சியில டூப்போட உடம்புல அவங்க முகத்தைக் கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்காங்க.

எழிலன்: (நீண்ட மௌனம்) உடம்பு ஒருத்தன். முடி கடையில வாங்கினது. முகம் ஒட்டினது. கடவுளே, அந்தக் கண்ணாவது?

வாசுகி: அது நிஜம். ஒரு கண்ணு நீலம், இன்னொண்ணுல பாதி பழுப்பு. பிறவியிலயே அப்படி.

எழிலன்: கேட்டியா! அது ஒண்ணுதான் ஒளுங்கா இல்ல, அது மட்டும் ஒரிஜினல்!

வாசுகி: பாவங்க, அந்தப் பொண்ணும் சும்மா இருக்கல. சின்ன வயசுல குதிரையேத்தப் போட்டிக்கெல்லாம் போனவ. இந்தப் படத்துக்காக மாசக்கணக்குல சர்ஃபிங் பழகியிருக்கா. சின்ன அலையில அவளே போவா.

எழிலன்: குதிரையும் அலையும் ஒண்ணுதானே. ரெண்டும் நம்மளைக் கீள தள்ளும்.

வாசுகி: குதிரைகிட்ட ‘இன்னொரு டேக்’ கேட்கலாங்க. அலைகிட்ட கேட்க முடியுமா? உடைஞ்சுதுன்னா போச்சு, அதே அலை திரும்ப வராது. அடுத்தது வர்றதுக்குள்ள வெயில் மாறிடும், காத்து திரும்பிடும்.

எழிலன்: வர்ற அலையில எடுத்துக்க வேண்டியதுதானே. கடல்ல அலைக்கா பஞ்சம்?

வாசுகி: அங்க பஞ்சம்தான். படம் எடுத்தது ஹவாயில ஓவாஹு தீவுல. அதோட வடகரையில கோடையில போய் நின்னா, கடல் குளம் மாதிரி கிடக்கும். குளிர்காலத்துல வட பசிபிக்ல எங்கயோ புயல் அடிக்கணும், அது எழுப்பின அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து இங்க வரணும். புயலுக்குக் கால்ஷீட் வாங்கித்தான் படம் எடுக்கணும்.

எழிலன்: குளமா? ஏதோ குளாய்னு படத்துல சொல்றாங்களே?

வாசுகி: குழாய். பைப்லைன். ழ.

எழிலன்: அதைத்தான் சொன்னேன். குளாய்.

வாசுகி: (பெருமூச்சு) 1961ல ஒரு படக்காரர் அந்த வடகரை அலையைப் படம் பிடிக்கப் போயிருக்கார். பக்கத்துல ரோட்டோரம் குழாய் பதிக்கிற வேலை நடந்துட்டிருந்துதாம். அலையும் குழாய் மாதிரியே சுருளுதேன்னு அந்தப் பேரையே வெச்சுட்டாங்க.

எழிலன்: உலகத்துலயே பயங்கரமான அலைக்குப் பேரு ரோடு தோண்டினவன் வெச்சதா! சரி, கடலு ஒளுங்கா வந்துக்கிட்டிருக்கு, அங்க மட்டும் ஏன் சுருளுது?

வாசுகி: அடியில எரிமலைப் பாறைங்க. ஆழக்கடல்ல வேகமா வந்த அலை, ஆழமே இல்லாத அந்தப் பாறைத் திட்டுல ஏறும்போது கீழ்ப்பகுதி இடறி மெதுவாயிடும். மேல்பகுதிக்கு அது தெரியாது. அதே வேகத்துல வந்து தலைகுப்புறக் கவிழும்.

எழிலன்: புரிஞ்சுபோச்சு. போன மாசம் நான் மாடிப்படியில விளுந்த அதே டெக்னிக்.

வாசுகி: உங்களுக்குக் கீழ பாறை இல்லை, நான்தான் இருந்தேன்.

எழிலன்: அதனாலதான் எனக்கு அடி படல. அது போகட்டும், இவ்வளவு ஆபத்தான இடத்துல கேமராவை எங்க வெச்சாங்க? கரையிலேர்ந்து பாத்தா உள்பக்கம் தெரியாதே.

வாசுகி: வைக்கல, கையில பிடிச்சிருந்தாங்க. டான் கிங் மாதிரி தண்ணிக்குள்ள படம் பிடிக்கிறவங்க, தண்ணி புகாத பெட்டிக்குள்ள கேமராவை வெச்சு, காலுல துடுப்பு மாட்டிக்கிட்டு, அந்தச் சுருளுக்குள்ளயே நீந்திட்டு இருப்பாங்க. பலகை நேரா முகத்துக்கு வரும். கடைசி நொடி வரைக்கும் எடுத்துட்டு, உள்ள முங்கிடணும்.

எழிலன்: அந்த ஆளுக்கு எவன் டூப்பு?

வாசுகி: யாரும் இல்ல.

எழிலன்: (எழுந்து நிற்கிறார்) இனிமே இந்தக் காட்சிக்கு நான் அவருக்காக நிப்பேன்.

வாசுகி: உட்காருங்க, மறைக்குது.

எழிலன்: காதலுக்கு வருவோம். ஓட்டல்ல ரூம் சுத்தம் பண்ற பொண்ணு, அங்க வந்து தங்கின அமெரிக்கன் ஃபுட்பால் வீரன். அலையைப் பாக்குறதா, அவனைப் பாக்குறதான்னு அவ தவிக்கிறா. அந்தத் தவிப்பு நிஜம்தானே? ஏன் ரெண்டு பேரும் எப்பவும் கரையிலயே காதலிக்கிறாங்க?

வாசுகி: கடல்ல பேசினா யாருக்குக் கேட்கும்? அலைச் சத்தத்துல மைக்குக்கு ‘ஹோ’ன்னுதான் விழும். தண்ணியில பேசுற வசனமெல்லாம் பெரும்பாலும் அப்புறமா ஸ்டூடியோவுல நின்னு பேசிச் சேர்க்கிறதுதான்.

எழிலன்: குரலுமா! (தலையில் கை வைக்கிறார்) கதையாவது கதாசிரியர் யோசிச்சதா, அதுவும் வேற ஆளோடதா?

வாசுகி: சூசன் ஆர்லின்னு ஒரு எழுத்தாளர் 1998ல பத்திரிகையில எழுதின கட்டுரை. மாவித் தீவுல சர்ஃபிங் பண்ற சின்னப் பொண்ணுங்களைப் பத்தி. அதுலேர்ந்து ஜான் ஸ்டாக்வெல் படம் பண்ணினார். இடத்தை ஓவாஹுவுக்கு மாத்திட்டாங்க.

எழிலன்: மாவிக்கு ஓவாஹு டூப்பு. தீவைக் கூட விட்டுவெக்கல.

வாசுகி: ஆனா ஒண்ணு. கடைசியில அவ போட்டியில ஜெயிக்கிறதில்ல, கவனிச்சீங்களா? தோத்துட்டு, அந்த ஒரு அலையால பேர் வாங்குவா. எனக்கு அது பிடிச்சுது. அதோட, பைப்லைன்ல பொண்ணுங்களுக்குப் போட்டின்னு இவங்க 2002லயே காட்டிட்டாங்க. நிஜத்துல உலக சாம்பியன்ஷிப் சுற்றுல பொண்ணுங்க அங்க இறங்கினது 2020 டிசம்பர்ல. அதுவும் மாவியில நடந்துட்டிருந்த போட்டி, சுறா வந்ததால இடம் மாறி வந்தது. ஆஸ்திரேலியாவோட டைலர் ரைட் ஜெயிச்சாங்க.

எழிலன்: 18 வருசம் களிச்சு பொண்ணுங்களுக்கு இடம் வாங்கிக் குடுத்தது ஒரு சுறாவா?

வாசுகி: சர்ஃபிங் சங்கம் செய்யாததைச் சுறா செஞ்சுது.

எழிலன்: பொண்ணுங்க வேசத்துல ஆம்பளைங்க மட்டும் 1959லயே இறங்கியாச்சு! போதும் வாசுகி. இனிமே இந்தப் படம் எனக்குப் பளைய மாதிரி இருக்காது. உடம்பு டூப்பு, குரல் டூப்பு, தீவு டூப்பு. நம்ம கதையைப் பாரு. முளுக்க முளுக்க ஒரிஜினல். டூப்பு இல்ல, டோப்பா இல்ல...

வாசுகி: (அவர் தலையை ஒரு முறை பார்த்துவிட்டு) டோப்பா இல்லைதான்.

எழிலன்: கல்யாணத்துக்கு முன்னாடி நான் எளுதின ஏளு பக்கக் கடிதம் பீரோவுல வெச்சிருக்கியே. அதுல ஒரு வரி பொய் இருக்குமா?

வாசுகி: பொய்யும் இல்ல, பிழையும் இல்ல.

எழிலன்: ம்?

வாசுகி: ‘அழகு’ 14 இடத்துல வருது. ‘விழி’ 9 தடவை. ‘மழை’ 6. ‘நிழலும் உன் எழிலுக்கு முன் தாழும்’னு ஒரு வரி. 7 பக்கத்துல ஒரு ழகரம் கூடத் தப்பில்ல.

எழிலன்: ...படம் முடியப்போகுது பாரு. பாட்டு நல்லா இருக்கும்.

வாசுகி: யாருங்க அந்த நோவா ஜான்சன்?

எழிலன்: (டிவியைப் பார்த்தபடி, மிக மெல்லிய குரலில்) தமிள் எம்.ஏ. என் ரூம்ல இருந்தான்.

வாசுகி: டோப்பா வெச்சுக்கிட்டு எழுதினாரா?

எழிலன்: இங்க பாரு வாசுகி, பெரிய பெரிய அலையிலயெல்லாம் அவன்தான் போனான். ஒத்துக்குறேன். ஆனா க்ளோஸப் நான்! கடைசிப் பக்கத்துல கையெளுத்து போட்டது சத்தியமா நான்தான்.

வாசுகி: தெரியும். ‘இப்படிக்கு, உன் எளிலன்’.

(சிறிது நேரம் டிவி மட்டும் பேசுகிறது.)

எழிலன்: அதைப் பாத்துட்டுமா சரின்னு சொன்ன?

வாசுகி: அதைப் பாத்துட்டுத்தான்.