20,833 டாலர் வாங்கியவர்மேல் ஏன் இவ்வளவு கோபம்?

அமெரிக்காவில் கொரோனா காலத்துச் சம்பளப் பாதுகாப்புக் கடனை (பிபிபி என்பார்கள்; விதிப்படி செலவழித்தால் திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவிக் கடன்) யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற முழுப் பட்டியல் 2020 டிசம்பரில் வெளிவந்தது. செய்தி நிறுவனங்கள் வழக்குப் போட்டு வாங்கிய பட்டியல் அது. வெளிவந்தது நல்லதுதான். ஆனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த கிராமப்புறக் கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பக்கத்துப் பண்ணைக்காரர் பெயரைத் தட்டித் தேடுவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. பலரை உறுத்தும் எண் 20,833. நாலைந்து விவசாயிகளுக்கு அட்சரம் பிசகாமல் அதே தொகை என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

மர்மம் ஒன்றுமில்லை. தனியாளாகத் தொழில் செய்பவரின் ஆண்டு வருமானம் எவ்வளவு இருந்தாலும் 1 லட்சம் டாலருக்கு மேல் கணக்கில் எடுக்கவில்லை. அதில் இரண்டரை மாதப் பங்குதான் 20,833. உச்சவரம்பைத் தொட்ட எல்லோருக்கும் அதே தொகைதான் வந்தது.

முதல் சுற்றில் நிறைய சிறு விவசாயிகளுக்கு இதுவும் கிடைக்கவில்லை. நிகர லாபத்தைத்தான் பார்த்தார்கள். டிராக்டர் தேய்மானம், தீவனம், டீசல் எல்லாம் கழித்தால் சிறு பண்ணையின் வரிக் கணக்கு பெரும்பாலும் நஷ்டத்தில்தான் நிற்கும். நஷ்டக்காரருக்குக் கடன் பூஜ்யம்! 2020 டிசம்பர் கடைசியில் சட்டத்தைத் திருத்தி மொத்த வருமானத்தை அடிப்படையாக வைத்த பிறகுதான் இவர்களுக்குக் கதவு திறந்தது.

போலிகளே இல்லை என்று சொல்லவில்லை. மின்னசோட்டா குளிரில் ஆரஞ்சுத் தோட்டம் என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியதையெல்லாம் செய்தியாளர்கள் 2021-ல் தோண்டி எடுத்தார்கள். அவர்களைப் பிடித்து உள்ளே போடட்டும்.

என் கோபம் சட்டப்படி போன பணத்தின்மேல். வேளாண் துறை தனியாக நடத்திய கொரோனா உணவு உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் ஒருவருக்கு வரம்பு 2.5 லட்சம் டாலராக இருந்தது. பண்ணையை நிறுவனமாகப் பதிந்து, மூன்று பங்காளிகள் தலைக்கு 400 மணி நேரம் உழைத்ததாகவோ நிர்வாகம் பார்த்ததாகவோ காட்டினால் 7.5 லட்சம் வரை போக முடிந்தது. இரண்டாம் சுற்றில் காய்கறி, பழ விவசாயிக்கு 2019 விற்பனையில் முதல் 50 ஆயிரம் டாலர் வரை 10.6 சதவீதம். உழவர் சந்தையில் 30 ஆயிரம் டாலருக்குக் காய்கறி விற்றவருக்கு 3,180 டாலர். அவ்வளவுதான். முதல் சுற்று இன்னும் மோசம். தேசிய அளவில் மொத்த விலை 5 சதவீதமாவது சரிந்ததா என்று பார்த்தார்கள். உழவர் சந்தையில் நேரடியாக விற்றவரின் விலை இழப்பு அந்தக் கணக்கில் எங்கே வரும்?

இந்தத் திட்டத்தில் போன சுமார் 2,600 கோடி டாலரில் கறுப்பின விவசாயிகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 2 கோடி. 2021 மார்ச்சில் இதைச் சொன்னவர் அப்போதைய வேளாண் அமைச்சர் டாம் வில்சாக்.

"பெரிய பண்ணைக்கு இழப்பும் பெரிது" என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியவருக்குக் கேட்டால் கொடுக்க வங்கி இருக்கிறது, படிவம் நிரப்பக் கணக்காளர் இருக்கிறார். 30 ஆயிரத்துக்குக் காய்கறி விற்றவருக்கு இரண்டும் கிடையாது. குறைந்தபட்சம் அந்த மூன்று பங்காளி ஓட்டையையாவது அடைத்திருக்கலாம்.