விதியே இல்லாத பள்ளி என்பது சரியல்ல

'ஜனநாயகப் பள்ளியில் விதியும் இல்லை, பாடமும் இல்லை. பிள்ளைகள் இஷ்டத்துக்குத் திரிவார்கள்' என்று சிலர் எழுதுவது தவறு. பிள்ளைகளும் ஆசிரியர்களும் சம ஓட்டோடு சேர்ந்து முடிவெடுக்கும் பள்ளிதான் ஜனநாயகப் பள்ளி.

1921-இல் ஏ.எஸ். நீல் என்ற கல்வியாளர் தொடங்கிய, இப்போது இங்கிலாந்தில் உள்ள சம்மர்ஹில் பள்ளியில் கால அட்டவணை உண்டு, ஆசிரியர்கள் வகுப்பும் எடுக்கிறார்கள். போவதா வேண்டாமா என்பதுதான் பிள்ளையின் முடிவு. விதிகளோ ஏராளம்! அவற்றைப் போடுவது எல்லோரும் கூடிப் பேசும் பள்ளிக் கூட்டம். அதில் சிறுவனுக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு.

அமெரிக்காவின் சட்பரி வேலி பள்ளியில் (1968) நடைமுறை இன்னும் கறார். யாராவது தூரிகையைக் கழுவாமல் காயவிட்டால், பார்த்தவர் புகாரை எழுதிக் கொடுக்கலாம். பல வயது மாணவர்கள் உள்ள நீதிக்குழு இரு தரப்பையும் விசாரிக்கும். தண்டனை பெரும்பாலும் தவறோடு ஒட்டியதாக இருக்கும், உதாரணமாக அந்த அறைக்குச் சில நாள் தடை. ஒப்பாவிட்டால் பள்ளிக் கூட்டத்தில் முறையிடலாம். பட்ஜெட்டும் ஆசிரியர் நியமனமும்கூட ஓட்டுக்குத்தான் வருகின்றன.

இந்தப் பள்ளிமுறை சறுக்குவது வேறு இடத்தில்: ஓட்டெடுத்த பிறகு பெரியவர்கள் முடிவை மாற்றும்போது. இரண்டு முறை அப்படி நடந்தால் போதும், பிள்ளைகள் கூட்டத்துக்கே வரமாட்டார்கள். வழக்கமான பள்ளியிலிருந்து மாறி வரும் பிள்ளை சில மாதங்கள் வகுப்புப் பக்கமே போகாமல் இருப்பதும் உண்டு. அதைச் சோம்பல் என்று தயவுசெய்து முத்திரை குத்தாதீர்கள்.