ஒரு நிமிடம் பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு

காயம்பட்ட காட்டுயிர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் எங்கள் மையத்தின் வாசலில் எடுத்துப் பரப்பப்படும் அந்தக் காணொளியைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அது மேலும் மேலும் பகிரப்படுவதையும், அதன் கீழே எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று முகம் தெரியாதவர்கள் எழுதுவதையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. ஆந்தைக் குஞ்சைக் கொண்டுவந்து ஒப்படைத்த குடும்பத்தினர் மறுநாள் வந்து கேட்டபோது, அதைப் பார்க்க விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பினோம் என்பது குற்றச்சாட்டு. உண்மைதான், அனுப்பினோம். நாளை இன்னொருவர் வந்து கேட்டாலும் அப்படியே செய்வோம். மனிதர் கண்ணில் படாமல் வைத்திருப்பதும் அந்தக் குஞ்சுக்கு நாங்கள் அளிக்கும் சிகிச்சையில் அடங்கும்.

காட்டு உயிரின் கண்ணுக்கு நாம் அன்பானவர்களாகத் தெரிவதில்லை. தன்னைத் தின்ன வந்த பெரிய விலங்காகவே அது நம்மைப் பார்க்கிறது. ஆந்தைக் குஞ்சு அலகைத் தட்டி ஒலி எழுப்பும்போது அது உங்களுடன் பேசுவதாக நினைக்கிறீர்கள்; அது அச்சத்தில் எச்சரிக்கிறது. கையில் எடுத்துத் தடவும்போது பறவை அசையாமல் இருந்தால் அமைதியாகிவிட்டது என்று மகிழ்கிறீர்கள். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்த உயிர் செய்யக்கூடிய கடைசிக் காரியம் அசையாமல் உறைந்துபோவது. மான்களிலும் நீண்ட கால்களுடைய பறவைகளிலும் பிடிபட்ட அச்சமும் போராட்டமுமே தசைகளைச் சிதைத்துவிடக்கூடும். காயம் ஆறிக்கொண்டிருக்கும்போதே சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ அவை இறந்துவிடக்கூடும். மனிதர் பார்வை அவற்றுக்கு வலி என்று நான் சொல்வதை மிகைப்படுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அச்சத்தைவிட மோசமானது அச்சம் போய்விடுவது. சில காலத்துக்கு முன் இன்னோர் ஆந்தை எங்களிடம் வந்தது. கண் திறந்த பருவத்திலிருந்து ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்தது. பால் கலந்த ரொட்டியும் எலும்பில்லாத இறைச்சியும் தின்று, சுண்ணாம்புச் சத்தில்லாமல் கால் எலும்புகள் வளைந்திருந்தன. எலும்புக்குக்கூட ஏதாவது செய்திருக்கலாம். ஆனால் மனிதரைக் கண்டால் வாயைத் திறந்து இரை கேட்டது. வேறோர் ஆந்தையை அருகில் விட்டால் நடுங்கி மூலைக்குப் போனது. வாத்துக் குஞ்சுகள் முதலில் கண்டவரையே தாயாகக் கொண்டு பின்தொடர்வதை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆய்வு சொல்லும் கொடுமையை நான் அந்த ஆந்தையிடம் நேரில் பார்த்தேன். தன்னை மனிதன் என்று நம்பும் ஆந்தையை எந்தக் காட்டில் விடுவது? 1987-இல் உலகம் முழுவதும் 27 மட்டுமே எஞ்சியிருந்த கலிபோர்னியா காண்டார் கழுகுகளை மீட்டவர்கள், குஞ்சுகள் மனித முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் காண்டார் தலையைப் போன்ற கைப்பாவையை மாட்டிக்கொண்டு இரை ஊட்டினார்கள். நாங்களும் முகத்தையும் உடலையும் மறைத்துக்கொண்டு, பேசாமல்தான் ஊட்டுகிறோம். எங்களுக்கே அதைக் கொஞ்ச உரிமையில்லை. உங்களுக்கு மட்டும் எப்படிக் கதவைத் திறப்பது?

"ஒரு நிமிடம்தானே" என்கிறீர்கள். அந்த ஒரு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்றும் சொல்லுங்கள். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை, கூட்டைவிட்டு விழுந்த சிறு குஞ்சுகளுக்கு இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரை கொடுக்க வேண்டும். கடைசிப் பெட்டியை மூடும்போது முதல் பெட்டியில் மறுபடியும் வாய்கள் திறந்திருக்கும். அன்று அதற்கு நடுவில் வண்டி ஏறி ஓடு பிளந்த ஆமை வந்தது. கண்ணாடிச் சன்னலில் மோதி மயங்கிய பறவையை இருட்டுப் பெட்டியில் வைத்து, அது எழுந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பூனை கவ்விய ஒரு சிறு பறவை வந்தது. வெளியே காயமே தெரியாது, ஆனால் பூனையின் வாயில் உள்ள பாக்டீரியா இரத்தத்தில் கலந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும் என்பதால் உடனே ஆன்டிபயாட்டிக் போட்டாக வேண்டும். கண் திறக்காத அணில் குட்டிகளைப் பாலூட்டும் ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் ஒற்றிச் சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். தாய் நக்கிச் செய்வதை நாங்கள் செய்யாவிட்டால் அவற்றுக்குத் தானாக வராது. இவ்வளவுக்கும் நடுவில் தொலைபேசி ஒரு நொடி ஓயவில்லை. காணொளியில் "சும்மா உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று நீங்கள் சொல்லும் அந்தப் போக்குவரத்து இதுதான்.

"காப்பாற்றியவர்களுக்கே பார்க்க உரிமை இல்லையா?" என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தீர்கள். அதற்கு அன்றே நன்றி சொன்னோம், இப்போதும் சொல்கிறேன். ஆனால் கொண்டுவருவதற்கு முன் இரண்டு இரவு வீட்டில் வைத்து, படம் எடுத்து, வாயில் தண்ணீர் ஊற்றியதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகலாம். குளிர்ந்தும் நீரிழந்தும் இருக்கும் உயிருக்கு முதலில் வெப்பம், பிறகு நீர்மம், அதன் பிறகே உணவு. இதையெல்லாம் அன்று உங்களிடம் குற்றமாகச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை யாரும் எதையும் கொண்டுவர மாட்டார்கள் என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டோம். அந்தப் பொறுமைக்கு நீங்கள் தந்த பெயர் திமிர்.

நன்கொடை கொடுத்தோமே என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: அந்தப் பணம் இரைக்கும் மருந்துக்கும் போகிறது, நுழைவுச் சீட்டுக்கு அல்ல. குழந்தைகள் நேரில் பார்த்தால்தானே அன்பு வளரும் என்ற கேள்வி நியாயமானது. திரும்பக் காட்டுக்குப் போக முடியாத பறவைகளை அதற்கென்றே பழக்கி வைத்திருக்கும் மையங்கள் உண்டு. நோயுற்றது அந்த வேலைக்கு உரியதில்லை.

கருணைக் கொலையைப் பற்றி எழுதியவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வேலை மிச்சம் என்று ஊசி போட்டுவிடுகிறோமாம். மூட்டிலேயே நொறுங்கிய இறக்கையோடு ஒரு பருந்து இனி வேட்டையாட முடியாது என்று முடிவெடுக்க வேண்டிய நாளில், மருத்துவர் எக்ஸ்ரே படத்தை மறுபடியும் மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை நான் அருகில் நின்று கண்டிருக்கிறேன். அன்று மாலை அங்கே யாரும் சாப்பிடவில்லை. வாசலில் உங்களைத் தடுத்த இளம்பெண், முகம் தெளிவாகத் தெரியும்படி நீங்கள் படம் பிடித்த அதே பெண், விடியற்காலையிலிருந்து அணில் குட்டிகளுக்குப் பாலூட்டிவிட்டு, அவற்றில் ஒன்று கையிலேயே இறந்துபோன சிறிது நேரத்தில்தான் உங்களிடம் வந்து பேசினார். அவர் சிரிக்கவில்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அவர் எதற்காகச் சிரித்திருக்க வேண்டும்? எங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அவர் முகத்தையாவது மறையுங்கள்.

உண்மையாகவே உதவ வேண்டும் என்று தனிச்செய்தியில் கேட்ட சிலருக்கு: காயம்பட்ட உயிரைக் கண்டால் காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டாக, வெதுவெதுப்பாக வைத்து, எதுவும் ஊட்டாமல் உடனே அழையுங்கள். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பறவையைத் திரும்ப விட அந்த இடம் தெரிய வேண்டும். இறகு முளைத்துத் தரையில் தத்தித் திரியும் குஞ்சாக இருந்தால் முதலில் தள்ளி நின்று பாருங்கள், பெரும்பாலும் தாய் அருகிலேயே இரையோடு காத்திருக்கும். வீட்டில் பழைய துணிகள் இருந்தால் துவைத்துக் கொண்டுவந்து வாசலில் கொடுங்கள். நூல் வளையங்கள் எழும்பி நிற்கும் குளியல் துண்டுகள் மட்டும் வேண்டாம், நகங்கள் அவற்றில் சிக்கிக்கொள்கின்றன.