மறுகா மீன் கீறட்டா?

சுனாமிக்குப் பிறகு, 2005இன் தொடக்கத்தில், மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்த முகாமில் பிள்ளைகளோடு சில வாரங்கள் வேலை செய்தேன். ஒரு நிறுவனத்தார் கலர்ப் பென்சில் பெட்டிகளோடு வந்து, "உங்களுக்கு நடந்ததைக் கீறுங்கோ" என்றார்கள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. கறுப்பு அலை, சாய்ந்த தென்னை, கவிழ்ந்த தோணி. ஒரு சின்னவன் கீறி முடித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டான்: "ரீச்சர், மறுகா மீன் கீறட்டா?" மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் 'அடுத்து'. தாள் முடிந்துபோயிருந்தது. வந்தவர்கள் அலைப் படங்களை அடுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

கலை மனக்காயத்தை ஆற்றும் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறான். காயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்வது வேறு, அடுத்ததாக என்ன கீற ஆசை என்று கேட்டு அதற்குத் தாளும் நேரமும் கொடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், சிறுவர் பூங்கா ஒன்றிலும் கூத்திலும். அவர்களைப் பற்றி நாங்கள் கதைத்தது போதாது.

1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. போல் ஹோகன் என்ற கனடிய ஓவியரும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் அதற்குப் பின்னால் நின்றார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி ஒரே தோட்டத்துக்குக் கூட்டிவந்தார்கள். இன்று இதை வாசிக்கிறவர்களுக்கு அது சின்ன விசயமாகத் தெரியலாம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள், குழந்தைகளும் சேர்த்து, கொல்லப்பட்டார்கள். அதற்கு ஆறு வருடங்களுக்குப் பிறகு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே களிமண்ணைப் பிசைந்தார்கள். கதை கட்டினார்கள், செடி நட்டார்கள், நாடகம் போட்டார்கள். என்ன நடந்தது என்று அவர்களை யாரும் குடையவில்லை. விளையாட்டு நடுவில் அது தானாக வந்தால் வரட்டும் என்று விட்டார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளையைப் பயமில்லாமல் பார்க்கப் பழகுவதுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்த எதிர்காலம்.

சரி, இனிக் கூத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மட்டக்களப்பில் ஒரு கூத்து ஓர் இரவு வேலை இல்லை. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் சட்டம் (அவரவர் பாத்திரத்துக்கான பாட்டுப் பிரதி) கொடுப்பார், ஆட்டம் பழகுவார்கள், சதங்கை அணிவார்கள், கிழமைதோறும் ஒத்திகையாகக் கிழமைக்கூத்து நடக்கும், கடைசியில் முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடி அடுக்குப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். மாதக்கணக்கில் ஊர் மாலையில் ஒன்றுகூடும். காசு சேர்க்க வேண்டும், உடுப்புக் கட்ட வேண்டும், கோபித்துக்கொண்டு போன ஆளை வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசிக் கூட்டிவர வேண்டும். யுத்தம் எங்களிடமிருந்து பறித்தது இந்த மாலைகளைத்தான். அவை திரும்பி வந்தபோது ஊருக்கு உயிர் வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி, செப்பனிட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் அவருடைய பங்கு பெரியது. ஆனால், 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் நாடக ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் அந்த ஊர்க்காரர்களும் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம்தான் என் மனதுக்கு நெருக்கமானது. அங்கே கூத்து, சனம் சுற்றியிருந்து பார்க்கும் களரியை விட்டுப் போகவில்லை. அண்ணாவியாரும் கூத்தர்களும் பெண்களும் இளம் பிள்ளைகளும் உட்கார்ந்து, தாங்கள் ஆடும் கதையையே கேள்வி கேட்டார்கள். பெண்ணைப் பணயம் வைக்கிற அரசனை நாங்கள் ஏன் இன்னும் புகழ்ந்து பாடுகிறோம்? சாதியை இழிவாகச் சொல்லும் வரி ஏன் இன்னும் இருக்கிறது? பெண் பாத்திரத்தை ஏன் ஆண்தான் ஆட வேண்டும்? இப்படியான கேள்விகள்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. பாட்டன் பூட்டன் ஆடியதில் கை வைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கவலையும் நியாயமானது, மரபு எங்களிடம் மிஞ்சிய கொஞ்சச் சொத்தில் ஒன்று. ஆனாலும், "இந்தக் கதை இப்படித்தான் போக வேண்டுமா?" என்று ஓர் ஊர் சேர்ந்து கேட்டுப் பழகினால், களரிக்கு வெளியிலும் அது கேட்கும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். எங்களுக்கு முப்பது வருடமாக யாரோ எழுதிய கதையை ஆடித்தானே பழக்கம்.

இன்றும் "உளநலம்", "நல்லிணக்கம்" என்று பெயர் வைத்து இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. மதியச் சாப்பாடு, குழுப்படம், அறிக்கை. அதில் உழைக்கிறவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கை, மத்தளத்துக்குத் தோல் மாற்ற வழியில்லாத ஓர் அண்ணாவியாரிடம் கொடுங்கள். அறிக்கை கேட்காதீர்கள். ஆறு மாதம் பொறுத்திருங்கள், அப்புறம் ஓர் இரவு பாயோடு போய்க் களரியோரம் உட்காருங்கள்.

எங்கள் ஊரில் இந்த முறை கூத்தில் அபிமன்யு வேடத்துக்கு என் மச்சாளின் மகளைத் தெரிவு செய்திருக்கிறார்கள். பதினான்கு வயது. கேள்விப்பட்டதும் மாமி, "பொம்பிளப் பிள்ளைக்கு என்னத்துக்கு வாளும் வில்லும்?" என்றார். நேற்று மாலை ஆட்டம் பழகும் இடத்துக்கு அவளுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்ததும் அதே மாமிதான்.