மூங்கில் குழலுக்குள் ஒரு அப்பா

மாஞ்சோலை என்றாலே எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் தேயிலையைப் பேசுவோம், புலியைப் பேசுவோம். அந்த மலைக்காட்டில் கட்டைவிரல் நுனியளவே இருக்கும் ஒரு பச்சைப் புதர்த்தவளையை யாரும் பேசிக் கேட்டதில்லை. 1876-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் லண்டனில் அதற்குப் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு 130 ஆண்டுகளுக்கு மேல் அதைக் காட்டில் பார்த்ததாக உறுதியான பதிவு எதுவும் இல்லை. அழிந்தே போயிருக்கலாம் என்று நினைத்திருந்தபோது, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டில் அது உயிரோடு இருப்பது 2011-இல் அறிவிக்கப்பட்டது. ராவோர்செஸ்டஸ் சலசோடஸ் என்பது அதன் அறிவியல் பெயர்.

அது குடும்பம் நடத்தும் விதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. குளம் குட்டையை அது தேடுவதில்லை. ஓடையோரம் புதராய் மண்டும் நாணல் மூங்கிலில் (கேரளத்தில் ஈற்ற என்பார்கள்) பூச்சியோ எலியோ போட்டுவிட்டுப் போன கீறல் வழியாக உடம்பை நெளித்து உள்ளே நுழைகிறது. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவிலுள்ள வெற்றுக் குழலில் ஏழெட்டு முட்டை இருந்தாலே அதிகம். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து குட்டித் தவளையாகவே வெளிவருகிறது. அதுவரை காவல் இருப்பது அப்பாதான். சாயங்காலம் கொஞ்ச நேரம் இரைதேடப் போய்விட்டுத் திரும்பிவிடும். ஆய்வாளர் சேஷாத்ரி இந்த வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். காவல் இல்லாத முட்டைகளை அதே இனத்து வேறு ஆண்களே வந்து தின்றுவிடுகின்றன என்பதும் அந்த ஆய்வில்தான் தெரியவந்தது.

அதனால் சொல்கிறேன், இந்தத் தவளையைக் காப்பது என்றால் மூங்கிலைக் காப்பதுதான். அதுவும் உயிருள்ள மூங்கில், கீறல் விழுந்த மூங்கில். தானாகத் துளைபோடத் தவளைக்குத் தெரியாது. காப்பகத்துக்குள் வெட்ட விடமாட்டார்கள், சரி. எல்லைக்கு வெளியே மூங்கில் வெறும் கச்சாப்பொருள். காகிதக் கூழுக்காக லாரி லாரியாகப் போயிருக்கிறது. கூடை முடைகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் தேவைக்கு வெட்டுவது வேறு, புதரையே மொட்டையடிப்பது வேறு. மழைக்காலத்தில் முட்டை இருக்கும் கழியை வெட்டினால் அந்த அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்தே போய்விடும். மொத்தமாக வெட்ட அனுமதி கொடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் அந்தப் புதரில் ஒரு ராத்திரி தவளைச் சத்தத்துக்குக் காதுகொடுத்துவிட்டு வரட்டும். இது பெரிய செலவா?

மாஞ்சோலைத் தோட்டங்களின் 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிறது. அங்கே தலைமுறைகளாக உழைத்தவர்களுக்கு நியாயம் கிடைப்பதுதான் முதல் வேலை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நிலம் காடாகத் திரும்பும்போது மரக்கன்று நடுவதோடு நிறுத்திவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஓடைக்கரைகளை நாணல் மூங்கிலுக்கு விடுங்கள். அது தழைத்து, கழி தடித்து, ஏதோ ஒரு பூச்சி வந்து துளைக்கும்வரை யாரும் அரிவாளோடு அந்தப் பக்கம் போகவேண்டாம்.